கெடாத பாலின் கதை



சென்ற மாதம் இப்பகுதியில் அப்பளம், வடகம், வற்றல் ஆகியவற்றைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த நம் சங்கத்துச் சகோதரி ஒருவர், மாதாந்தரக் கூட்டம் முடிந்து வெளியே வருகையில் என்னை வழிமறித்துக்கொண்டார்.

"தம்பி, வற்றலையும் வடகத்தையும் விடுங்கள். ஊரிலே காலையில் கறந்த பாலைக் காய்ச்சாமல் வைத்தால் மத்தியானத்துக்குள் திரிந்து போகிறது. இங்கே வாங்குகிற பாக்கெட் பால் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் கிடந்தாலும் அப்படியே இருக்கிறதே! அதிலே என்ன மருந்தைப் போடுகிறார்கள்? குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?"

"மருந்து ஒன்றும் இல்லை, அக்கா. சூடும் குளிரும்தான்" என்றேன். அக்கா நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒரு வரியில் சொன்ன விடையை யார்தான் நம்புவார்கள்? ஆகவே இம்மாதம் பாலின் கதையையே எடுத்துக்கொண்டேன். அக்கதையின் முக்கியமான பகுதி, நான் உத்தியோகம் பார்க்கும் வடோதராவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஆனந்த் என்ற ஊரில் நடந்ததாகும்.

பால் ஏன் கெடுகிறது?

பசுவின் பாலில் நூற்றுக்குச் சுமார் 87 பங்கு நீர். எருமைப் பாலில் சுமார் 83 பங்கு. எஞ்சியிருப்பது கொழுப்பு, புரதம், சர்க்கரை, உப்புக்கள். கன்றுக்கு எவ்வளவு நல்ல உணவோ, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கும் அவ்வளவு நல்ல உணவு அது. மடியிலிருந்தும், கறப்பவர் கையிலிருந்தும், பாத்திரத்திலிருந்தும் அவை பாலில் குடியேறுகின்றன. வெயில் காலத்தில் அரை மணிக்குள் ஒன்று இரண்டாகப் பெருகிவிடும். அவை பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் மிகும்போது புரதம் திரள்கிறது. இதையே நாம் பால் திரிந்தது என்கிறோம்.

இந்தப் பகைவரை வெல்ல நம் முன்னோர் இரண்டு வழிகளைக் கண்டிருந்தனர். ஒன்று, பகைவருள்ளே நல்லவரைத் தேர்ந்து வேலைக்கு அமர்த்துவது. காய்ச்சி ஆற்றிய பாலில் ஒரு கரண்டி உறை மோரை விடுகிறோம். அதிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் உண்டாக்கும் புளிப்பில் மற்றவை தலையெடுக்க முடிவதில்லை. மற்றொன்று, நீரையே இல்லாமல் செய்வது. தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்து, அதை உருக்கி நெய்யாக்கிவிட்டால் நீர் முற்றிலும் போய்விடுகிறது. நீரில்லாத இடத்தில் நுண்ணுயிர் பெருகாது. நெய் மாதக்கணக்கில் நிற்பது இதனாலேதான். பால் நான்கு மைல் போக முடியாத காலத்தில், நெய் நானூறு மைல் போயிற்று.

மேனாட்டில் இதற்கு வேறொரு வழி பிறந்தது. நெடுந்தூரம் சென்று போரிடும் படைகளுக்கு உணவு கெடாமல் வேண்டுமென்று 1795-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கம் 12,000 பிராங்கு பரிசு அறிவித்தது. மிட்டாய் செய்யும் தொழிலாளியான நிக்கோலா அப்பெர் என்பவர், உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, தக்கையால் இறுக மூடி, கொதிநீரில் வைத்து எடுத்தால் கெடுவதில்லை என்று கண்டு, 1810-இல் அப்பரிசைப் பெற்றார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் என்பவர் தகர டப்பாவுக்கு உரிமை வாங்கினார். தகர டப்பா வந்து பல்லாண்டுகள் கழித்தே அதைத் திறக்கும் கருவி வந்தது. அதுவரை உளியும் சுத்தியலும்தான்! 1856-இல் அமெரிக்காவில் கெயில் போர்டன், பாலை வெற்றிடத்தில் சுண்டவைத்து டப்பாவில் அடைக்கும் முறைக்கு உரிமை பெற்றார்.

அப்பெருக்குத் தம் முறை பலிக்கிறது என்று தெரியுமேயன்றி, ஏன் பலிக்கிறது என்று தெரியாது. அதை விளக்கியவர் லூயி பாஸ்ச்சர். 1860-களில் அவர் திராட்சை மதுவைக் கொதிக்க விடாமல் மிதமாகச் சூடேற்றி, கெடுக்கும் நுண்ணுயிர்களை அழித்துக் காட்டினார். பிற்காலத்தில் அம்முறை பாலுக்கும் வந்தது. 63 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி. உடனே 4 டிகிரிக்குக் குளிரவைத்தல். நோய் தரும் நுண்ணுயிர்கள் சூட்டில் மடிகின்றன. தப்பிய சில, குளிரில் மந்தமாகிக் கிடக்கின்றன. அக்கா கேட்ட 'மருந்து' இதுதான்.

அழுகும் சரக்கின் வியாபாரம்

இதோடு கதையை முடித்திருக்கலாம். ஆனால் நான் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. பன்னிரண்டு வருஷமாகச் சரக்கு வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருப்பவன். பள்ளிக்கூடத்தில் பத்தாவதுக்கு மேல் படிக்காத எனக்கு இந்த உத்தியோகம் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. இரும்புப் பெட்டியை அனுப்புகிறவன் வண்டி தாமதமானால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பத்திரிகை படிக்கிறான். மீன் கூடையை அனுப்புகிறவனோ கைகூப்பி நிற்கிறான். எவனுடைய சரக்கு விரைவில் அழுகுமோ, அவனால் பேரம் பேச முடியாது. பொழுது அவனுக்கு எதிரி. எதிரில் நிற்கும் வியாபாரிக்குத் தோழன்.

என் அப்பத்தா இப்பாடத்தை எனக்கு முன்பே அறிந்திருந்தாள். மதுரைக்குத் தெற்கே எங்கள் கிராமத்தில் அவளுக்கு ஒரு பசுவும் ஓர் எருமையும் இருந்தன. தினமும் பால்காரர் ஒருவர் சைக்கிளில் வருவார். அளக்கும் படி அவருடையது. நுரையும் சேர்த்தே அளப்பார். விலையும் அவர் சொன்னதுதான். அப்பத்தா ஒருநாள், "நுரை அடங்கட்டுமே, அப்புறம் அளக்கலாம்" என்றாளாம். மறுநாள் அவர் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தெரு முழுவதும் பால் தேங்கிப் போயிற்று. எல்லா வீட்டிலும் தயிர் இருக்கும்போது யார் யாரிடம் தயிர் வாங்குவது? வெண்ணெய் எடுத்து, நெய் உருக்கி, மளிகைக் கடையில் கடைக்காரர் சொன்ன விலைக்குக் கொடுத்தாள். மூன்றாம் நாள் சைக்கிள் மணி கேட்டது. அப்பத்தா வாய் பேசாமல் செம்பை நீட்டினாள். நுரை அடங்கவில்லை.

இக்கதையை அவள் சொல்லும்போதெல்லாம் கோபப்பட்டதில்லை; வெட்கப்பட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கைரா ஜில்லாவின் பதினைந்து நாட்கள்

என் அப்பத்தாவின் கதை ஒரு தெருவின் கதை. 1945-இல் குஜராத்தின் கைரா ஜில்லாவில் இதுவே பல கிராமங்களின் கதையாக இருந்தது. பம்பாய் நகரத்துக்கு நல்ல பால் வேண்டுமென்று அன்றைய பம்பாய் சர்க்கார் ஒரு திட்டம் வகுத்தது. ஆனந்திலிருந்து பம்பாய் சுமார் 425 கிலோமீட்டர். பாஸ்ச்சர் முறையில் சூடேற்றிக் குளிரவைத்த பால்தான் அவ்வளவு தூரம் தாங்கும். அதற்கான இயந்திரங்கள் ஆனந்தில் வெண்ணெய்த் தொழிற்சாலை நடத்திவந்த போல்சன் நிறுவனத்திடம் இருந்தன. பால் வாங்கும் உரிமையும் அந்நிறுவனத்துக்கே அளிக்கப்பட்டது. பம்பாய்க்காரர்களுக்குப் பால் கிடைத்தது. நிறுவனத்துக்கு லாபம் கிடைத்தது. எருமை வளர்த்தவனுக்கு இடைத்தரகர் கொடுத்ததுதான் விலை.

உழவர்கள் சர்தார் வல்லபாய் படேலிடம் சென்று முறையிட்டனர். பாலை நீங்களே சேர்த்து, நீங்களே பதப்படுத்தி, நீங்களே விற்கும் கூட்டுறவுச் சங்கம் அமையுங்கள். அரசாங்கம் இணங்காவிட்டால் பால் தர மறுத்துவிடுங்கள் என்பது அவர் தந்த ஆலோசனை. 1946 ஜனவரி 4-ஆம் தேதி சமர்க்கா என்ற கிராமத்தில் மொரார்ஜி தேசாய் முன்னிலையில் கூட்டம் நடந்து, கிராமந்தோறும் சங்கம் காண்பது என்று தீர்மானமாயிற்று. அரசாங்கம் இணங்கவில்லை. பதினைந்து நாட்கள் உழவர்கள் பால் கொடுக்கவில்லை.

இப்பதினைந்து நாட்களை வாசகர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மில் தொழிலாளி வேலை நிறுத்தம் செய்தால் இயந்திரம் நிற்கும். எருமை நிற்குமா? காலையும் மாலையும் கறந்தே ஆகவேண்டும். தீவனம் போட்டே ஆகவேண்டும். கையிலிருந்த பாலுக்குப் பணமில்லை. அழுகும் சரக்கை வைத்திருப்பவனால் பொறுத்திருக்க முடியாது என்ற விதியை, எல்லோரும் சேர்ந்து பொறுத்திருந்து உடைத்தார்கள். அரசாங்கம் இறங்கி வந்தது. 1946 டிசம்பர் 14-ஆம் தேதி கைரா ஜில்லா கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் படேல் அதன் தலைவரானார். 1948-இல் அச்சங்கம் பம்பாய்க்குப் பால் அனுப்பத் தொடங்கியபோது, நாளொன்றுக்கு 250 லிட்டர்தான் இருந்தது.

இடம் கிடைக்காத வெளியூரான்

1949 மே மாதத்தில் ஆனந்துக்கு ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியற் கல்லூரியிலும் படித்தவர். சர்க்கார் உதவிப் பணத்தில் அமெரிக்கா சென்று திரும்பியவர். அதற்கு ஈடாக ஆனந்திலிருந்த அரசாங்கப் பாலாடைத் தொழிற்சாலையில் வேலை செய்தாக வேண்டும். வர்கீஸ் குரியன் என்பது அவர் பெயர். மணமாகாதவர், மாமிசம் உண்பவர், வெளியூரார்; யார் வீடு கொடுப்பார்கள்? மோட்டார் நிறுத்தும் ஒரு கொட்டகையில் தங்கினார். வடநாட்டில் வீடு தேடி அலைந்த நம்மவர்க்கு இது புதிய அனுபவமன்று. ஓடிவிட வேண்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவரைத் திரிபுவன்தாஸ், சங்கத்தின் பழுதான இயந்திரங்களைச் சற்றுப் பார்க்கும்படி வேண்டினார். பார்க்கப் போனவர் அங்கேயே நிலைத்துவிட்டார். இதில் வேடிக்கை என்னவெனில், அவருக்குப் பால் குடிக்கும் பழக்கமே கிடையாது!

விரைவில் சங்கத்துக்கு ஒரு புதிய கஷ்டம் வந்தது. எருமை குளிர்காலத்தில் கோடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பால் தரும். பம்பாய் நகரமோ குளிர்காலத்தில் இரண்டு மடங்கு குடிக்காது. மிஞ்சிய பாலை என்ன செய்வது? பழைய சைக்கிள்காரரின் கதை வேறு உருவில் திரும்ப வந்துவிடும் போலிருந்தது.

பாலைப் பொடியாக்கிவிட்டால் குளிர்காலத்துப் பால் கோடைக்கு உதவும். வெற்றிடத்தில் பாலைச் சுண்டவைத்து, சூடான காற்று நிறைந்த பெரிய கூண்டினுள் மெல்லிய துளிகளாகத் தெளிக்க வேண்டும். துளி கீழே விழுவதற்குள் நீர் ஆவியாகிப் பொடி உதிரும். நம் பாட்டிமார் மாடியில் வடகம் காயவைத்த தத்துவமே இது. வெயிலுக்குப் பதிலாக இயந்திரம். ஆனால் மேனாட்டார் பசும்பாலையே அவ்வாறு செய்துவந்தனர். கொழுப்பு மிகுந்த எருமைப் பாலைப் பொடியாக்க முடியாது என்பது அவர்களுடைய நிபுணர்களின் கருத்து. அமெரிக்காவில் குரியனின் நண்பராகி, ஆனந்தில் அவரோடு சேர்ந்துகொண்ட எச்.எம். தலாயா, முடியும் என்றார். செய்தும் காட்டினார். யுனிசெப் ஸ்தாபனமும் நியூசிலாந்து அரசாங்கமும் உதவின. 1955 அக்டோபர் 31-ஆம் தேதி, சர்தார் படேலின் பிறந்த நாளன்று, பிரதமர் நேரு அத்தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். எருமைப் பால் பொடியாக உதிர்ந்தது. 1960-ஐ ஒட்டி, மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு எருமைப் பாலில் குழந்தை உணவும் செய்யப்பட்டது.

என்னைக் கேட்டால், வேலை நிறுத்தத்தைவிட அந்தப் பொடியே பெரிய வெற்றி என்பேன். வேலை நிறுத்தம் உழவனுக்குப் பதினைந்து நாள் பொறுமையைத் தந்தது. பொடியோ ஆறு மாதப் பொறுமையைத் தந்தது. பால் இனி மீன் கூடையன்று, இரும்புப் பெட்டி.

எனினும் ஒன்றையும் மறைக்கலாகாது. கெடாத உணவு இருபுறமும் கூருள்ள கத்தி. 1970-இல் 'வெண்மைப் புரட்சி' என நாம் அழைக்கும் திட்டம் தொடங்கியபோது, ஐரோப்பாவில் மலைபோல் குவிந்திருந்த பால்பொடியும் வெண்ணெய் எண்ணெயும் நமக்கு நன்கொடையாக வந்தன. இலவசமாக வந்த பொடியை மலிவாக இறைத்திருந்தால், நம் நாட்டு எருமைக்காரன் ஒரே வருஷத்தில் தொழிலை விட்டிருப்பான். அதைப் பாலாக மாற்றி உரிய விலைக்கு விற்று, வந்த பணத்தில் சங்கங்களும் குளிர் நிலையங்களும் கட்டினார்கள். முதற்கட்டத்தில் 18 பால் வட்டாரங்கள் பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களோடும் இணைக்கப்பட்டன. 1996-இல் அத்திட்டம் நிறைவுற்றது. 1998-இல் பால் உற்பத்தியில் இந்தியா உலகில் முதலிடம் அடைந்தது. 2023-24-இல் நம் நாட்டு உற்பத்தி சுமார் 23.9 கோடி டன். உலகப் பாலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு.

ரயில்வேக்காரன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது. 2020 மார்ச் மாதத்தில் ஊரடங்கினால் நாடு முழுவதும் பிரயாணிகள் வண்டிகள் நின்றன. அப்போது ஆந்திரத்தின் ரேணிகுண்டாவிலிருந்து டில்லிக்கு, ஒவ்வொன்றும் 40,000 லிட்டர் கொள்ளும் தொட்டி வண்டிகள் கோத்த தனி ரயில் பாலைச் சுமந்து ஓடிற்று. சுமார் 2,300 கிலோமீட்டர்! நான்கு மைல் போக முடியாதிருந்த பால் அது.

நேரில் கண்டது

சென்ற ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வண்டியில் ஆனந்துக்குச் சென்று, அருகிலுள்ள ஒரு கிராமத்துச் சங்கத்தைப் பார்த்துவந்தேன். வாசலில் வரிசை, பெரும்பாலும் பெண்கள். ஒவ்வொருவர் கையிலும் பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரம். பாலை ஊற்றியதும் இயந்திரம் எடை காட்டுகிறது. சிறிது மாதிரி எடுத்துக் கொழுப்பைக் கணக்கிடுகிறார்கள். கொழுப்புக்குத் தக்க விலை. துண்டுச் சீட்டு ஒன்று கைக்கு வருகிறது. பணம் பாங்குக் கணக்குக்குப் போய்விடுகிறது. பால் அங்கேயே பெரிய தொட்டியில் குளிர்கிறது. ஊற்றுகிறவர் எந்தச் சாதி, எவ்வளவு நிலம் என்று இயந்திரம் கேட்பதில்லை.

இரண்டு எருமை வைத்திருக்கும் ஒரு மூதாட்டியிடம் என் அரைகுறைக் குஜராத்தியில் கேட்டேன்: "பா, விலை பிடிக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?"

"வருஷக் கூட்டத்தில் எழுந்து நின்று சண்டை போடுவேன், பாயி. போன வருஷமும் போட்டேன்" என்று சொல்லிவிட்டு, காலிப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. தீவன விலை ஏறுகிறது, சில சங்கங்களில் அரசியல் புகுந்திருக்கிறது, கலப்படக்காரர்களும் ஒழியவில்லை. ஆயினும் சண்டை போட ஒரு கூட்டமும், அதில் நிற்க ஓர் இடமும் அந்த மூதாட்டிக்கு இருக்கின்றன.

அக்காவுக்கு விடை

இனி அக்காவின் கேள்விக்கு வருவோம். பாக்கெட் பாலில் கெடாமலிருக்க மருந்து சேர்க்கச் சட்டம் இடந்தரவில்லை. குழந்தைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் சூடும் குளிரும் சேர்ந்துதான் அப்பாலைக் காக்கின்றன என்பதை மறவாதீர்கள். விடியற்காலையில் வாசலில் போட்ட பாக்கெட்டை ஆபீஸுக்குப் புறப்படும்வரை வெயிலில் விட்டால், தொழிற்சாலையில் செய்த வேலை வீணாகும். வாங்கியவுடன் குளிரில் வையுங்கள். உறையில் அச்சிட்ட தேதிக்குள் பயன்படுத்துங்கள். மாட்டுக்கொட்டிலிலிருந்து நேரே வாங்கும் பாலைப் பொங்கக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஊருக்கு இரண்டு நாள் ரயில் பிரயாணம் செய்வோர், அட்டைப் பெட்டியில் வரும் பாலை எடுத்துச் செல்லலாம். 135 டிகிரிக்கு மேல் சில விநாடி சூடேற்றி, காற்றுப் புகாமல் அடைத்திருப்பதால் அதற்குக் குளிர் வேண்டியதில்லை. திறந்துவிட்டால் மட்டும் அதுவும் சாதாரணப் பால்தான்.

எங்கள் கிராமத்துக்கும் பிற்காலத்தில் பால் சங்கம் வந்தது. அப்பத்தாவுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். காலை, மாலை, அளவு, கொழுப்பு, தொகை என்று கட்டம் போட்டது. அவளுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். மாலையில் விளக்கடியில் உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகத் தடவிப் பார்ப்பாள். ஒருநாள் கணக்கில் நாலணா குறைந்ததென்று சங்கத்துக்கு நடந்துபோய்க் கேட்டு வாங்கிவந்தாளாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வெட்கம் இருந்ததில்லை.

அப்பத்தா காலமாகி எட்டு ஆண்டுகளாகின்றன. அந்த அட்டை இன்றும் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில், அவளுடைய சுங்குடிச் சேலைக்கு அடியில் இருக்கிறது.

அடுத்த மாதம், ஊறுகாய் ஜாடி ஊர்விட்டு ஊர் போகும் கதையோடு சந்திக்கிறேன்.